மூலையில் கிடக்கும் மோட்டார் சைக்கிள்



செமினிக் கடைத்தெருவைத் தாண்டி ரிஞ்சிங் பக்கமோ புரோகா பக்கமோ போய், பழைய தோட்டத்து மக்கள் குடியிருக்கும் வீடுகளின் பின்புறத்தை எட்டிப் பாருங்கள். கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலோ, தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கும் தாழ்வாரத்திலோ, கிழிந்த படுதாவுக்கு அடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருக்கும். டயர் இரண்டும் காற்றிறங்கித் தரையோடு அப்பிப் போயிருக்கும். கைப்பிடியில் சிலந்தி வலை பின்னியிருக்கும்.

"அப்பா ஓட்டிய மோட்டார், விற்க மனம் வரவில்லை" என்பார் வீட்டுக்காரர். "பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடலாம், இடமாவது மிஞ்சும்" என்பார் வீட்டுக்காரம்மா. பள்ளிப் படிப்பை முடித்த பையனோ, "இதை ஓட வைத்தால் வேலைக்குப் போய்வரலாமே" என்று அதையே சுற்றிச் சுற்றி வருவான். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இந்த இதழில் அந்தப் பையனுக்காக எழுதுகிறோம். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். ஏனென்றால் இந்த வேலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

தோட்டத்துக்குக் கால் முளைத்த கதை

தோட்டப்புறத்தில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரமாக வந்ததல்ல. விடிவதற்கு முன்னே பெரட்டு. பகலெல்லாம் பால்காட்டில் வேலை. அதற்குப் பிறகுதான் சாமான் வாங்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும், உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தலை காட்டவும் நேரம். லயத்திலிருந்து பெரிய சாலைக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, செமினியிலிருந்து காஜாங் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தூரம் என்னவோ ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஆனால் கால்நடையாகப் போகிறவனுக்கு அது வேறு, இரண்டு சக்கரம் உள்ளவனுக்கு அது வேறு அல்லவா?

அந்த இரண்டு சக்கரத்தைப் பெரும்பாலும் தந்தது ஹோண்டா கப். ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவாவும் 1958இல் இந்த வண்டியை வெளியிட்டார்கள். நூடல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப்பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் எண்ணம். அதனால்தான் இதில் கிளட்ச் பிடி கிடையாது. இடது கால் மிதித்தால் கியர் மாறும். கால் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் அப்படியே ஏறலாம். சக்கரம் 17 அங்குலம். செம்மண் சாலையின் பள்ளத்தை அது தாண்டும். சங்கிலிக்கு முழு மூடி, சேறு ஒட்டாது. தோட்டத்துக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது!

இந்த வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவி, பட்டறை வேலை கற்று, பிறகு பஸ் முதலாளியானவர். 1950களின் இறுதியில் ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார், 1995இல் காலமானார். 'கப்' என்ற பெயரோடு 'சின்னது' என்ற பொருளில் வரும் சீனச் சொல்லும் ஒட்டிக்கொள்ள, 'கப்சாய்' என்ற பெயர் நாட்டில் நிலைத்துவிட்டது. 2017இல் இந்த வகை வண்டிகளின் உலக உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. அந்தப் பத்துக் கோடியில் ஒன்றுதான் உங்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கிறது.

வண்டி பழையது, சாலை புதியது

இப்போது ஒரு விஷயத்தை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பா இந்த வண்டியை ஓட்டிய சாலை வேறு. நீங்கள் ஓட்டப்போகும் சாலை வேறு.

செமினித் தோட்டமும் ரிஞ்சிங் தோட்டமும் இருந்த பக்கமெல்லாம் இன்று வரிசை வரிசையாக வீடுகள். 2005இல் புரோகா சாலைப் பக்கம் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளின் பெயரில்தான் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத செம்மண் சாலையில் மெதுவாகப் போன அதே வண்டி, இன்று காஜாங் சாலையில் லாரிக்கும் காருக்கும் நடுவே போயாக வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பது கசப்பான உண்மை.

ஆகவே நமது பையனுக்கு முதல் பாடம் இது: ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்கக் கற்றுக்கொள்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் என்ஜினைக் கிளப்பிவிடுகிறார்கள். பல வருடம் ஊமையாக இருந்த வண்டி 'டுப் டுப்' என்று பேச ஆரம்பித்ததும் வீடே கூடிவிடுகிறது, தங்கை கைதட்டுகிறாள். அந்தச் சந்தோஷத்தில், "ஒரு சுற்று போய்வருகிறேன்" என்று பையன் ஏறி உட்காருகிறான். பிரேக் பிடிக்குமா, டயர் தாங்குமா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. என்ஜின் செத்துக் கிடக்கும்போது வண்டி ஆசை காட்டாது. பிரேக்கையும் டயரையும் அப்போதே முடித்துவிட வேண்டும்.

முதலில் காகிதம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவு அட்டையைத் தேடி எடுங்கள். அம்மாவின் பெட்டியில், பிறப்புப் பத்திரங்களோடு இருக்கக்கூடும். அதிலுள்ள என்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். துருவைச் சுரண்டுகிற வேகத்தில் அந்த எண்களைத் தேய்த்துவிடாதீர்கள். எண் போனால் வண்டியின் அடையாளமே போயிற்று.

பிறகு ஜே.பி.ஜே. அலுவலகத்துக்கு ஒரு நடை. ரோட் டெக்ஸ் பல ஆண்டுகள் விட்டுப்போன வண்டி இன்னும் பதிவேட்டில் எப்படி இருக்கிறது, மறுபடி சாலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று நேரில் கேளுங்கள். வண்டி காலஞ்சென்ற அப்பாவின் பெயரில் இருந்தால், மகன் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ள முடியாது. இறப்புச் சான்றிதழும் வாரிசு சம்பந்தமான பத்திரங்களும் வேண்டும். அமானா ராயா அலுவலகத்திலும் விசாரிக்கலாம். காசைச் செலவழித்துவிட்டுப் பிறகு காகிதத்துக்கு அலைவதைவிட, காகிதம் சரியாகும் என்று தெரிந்த பிறகு செலவழிப்பது புத்திசாலித்தனம்.

150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டெக்ஸ் ஆண்டுக்கு 2 வெள்ளிதான். அதைப் போடுவதற்கு முன் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். லைசன் இல்லாதவர் ஓட்டினால் அந்த இன்சூரன்ஸால் பயன் இருக்காது. பி2 லைசனுக்கு வயது 16 நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் தம்பிகள் நினைவில் கொள்க.

நிற்க வைக்கும் வேலை

வண்டியைக் கழுவித் துடைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம் இரண்டையும் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளையும் வாஷர்களையும் பிஸ்கட் டின்களில் தனித்தனியே போட்டு, டின் மேல் பெயர் எழுதி வையுங்கள். இந்த வேலைக்கு வீட்டுப் பெண்பிள்ளைகளை அழையுங்கள். ஒழுங்காக அடுக்கி வைப்பதை அவர்கள் கற்றுத் தருவார்கள், வண்டியைப் பற்றி அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். வாயால் ஊதாதீர்கள். பழைய காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். லைனிங் 2 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தாலோ, பசை விட்டு உரிந்துகொண்டு வந்தாலோ புதிய பிரேக் ஷூ போடுங்கள். பார்க்க நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், பல ஆண்டு கிடந்த லைனிங்கின் ஒட்டு விட்டிருக்கலாம். பிரேக்கைத் திருப்பிவிடும் கேம் என்ற சிறிய இரும்பும் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதைக் கழற்றித் தேய்த்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் லைனிங்கில் பட்டுவிட்டால் பிரேக் வழுக்கும்.

கேபிள்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். உறைக்குள்ளே ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, கைப்பிடியின் முனை 2 முதல் 3 சென்டிமீட்டர் நகர்ந்ததும் பிரேக் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். கால் பிரேக்கும் அப்படியே.

டயரைப் பொறுத்தவரை ஒரே பேச்சுதான்: பல ஆண்டு கிடந்த டயரை மாற்றுங்கள். கட்டை நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ரப்பரின் குணத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அது கெட்டியாகி வெடித்துப்போகும். பக்கச் சுவரை அழுத்திப் பாருங்கள், வெடிப்பு வாய் திறக்கும். புதிய டயர் வாங்கும்போது பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருப்பதைப் பாருங்கள். 3524 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கடையில் பல ஆண்டு தூங்கிய டயரைப் 'புதிது' என்று தள்ளிவிட முடியாது. ட்யூபையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சங்கிலி மூடியை அவசியம் கழற்றிப் பாருங்கள். சேற்றைத் தடுத்த அதே மூடி, உள்ளே பிடித்த துருவையும் மறைத்து வைத்திருக்கும். மடங்காத கண்ணி இருந்தால் சங்கிலியை மாற்றுங்கள். நல்ல சங்கிலி மேலும் கீழும் 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆட வேண்டும்; இறுக்கக் கட்டிவிடக்கூடாது.

கடைசியாக எலும்புக்கூடு. கப் வண்டியின் சட்டம் தகட்டை அழுத்திச் செய்தது. தண்ணீர் உள்ளே தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்திலும் ஸ்டாண்டு மாட்டும் இடத்திலும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு பிய்ந்துகொண்டு உள்ளே போனால், அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பெயிண்ட் அடித்து மூடுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

பிறகு என்ஜின்

இப்போது பையன் ஆவலோடு கிக்கரில் காலை வைப்பான். வேண்டாம்! பல ஆண்டு நின்ற என்ஜினை முதல் நாளே உதைக்காதீர்கள். சிலிண்டரில் துரு படர்ந்து பிஸ்டன் ஒட்டியிருந்தால், ஓங்கி உதைப்பதில் பிஸ்டன் வளையம் ஒடியும். சுலபமான வேலை பெரிய செலவாகிவிடும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு மேசைக்கரண்டி என்ஜின் எண்ணெய் ஊற்றி, துணியால் மூடி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் எண்ணெயோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்த்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், பலாத்காரம் வேண்டாம்.

பழைய என்ஜின் எண்ணெயை வடித்துவிடுங்கள். வடிவது பால் கலந்த தேநீர்போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். கார் எண்ணெய் மிஞ்சியிருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். இந்த வண்டியில் கிளட்ச் அதே எண்ணெயில் நனைந்துதான் வேலை செய்கிறது. கார் எண்ணெயில் உள்ள வழுக்குப் பொருளால் கிளட்ச் பிடிக்காமல் போகலாம். மோட்டார் சைக்கிளுக்கென்று விற்கும் 4டி எண்ணெய்தான் வேண்டும். ஊற்றிய பிறகு பிளக் இல்லாமலே இருபது முப்பது தடவை மெதுவாக மிதியுங்கள். எண்ணெய் மேலே வால்வு வரை ஏறட்டும். பிளக் துவாரத்திலிருந்து எண்ணெய் பீச்சும், முகத்தைக் காட்டாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் கள்ளைப்போல நாளாக ஆகக் காரமாவதில்லை, கெட்டுத்தான் போகும். எளிதில் பற்றும் பகுதி ஆவியாகிப் போய், பிசின் போன்ற கசடு தங்கிவிடும். தொட்டியில் மீதமிருப்பதை முழுவதும் வடியுங்கள். உள்ளே துரு இருந்தால் தொட்டியைக் கழற்றி, காய்ந்த பிறகு வினிகர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். பிறகு சோடா மாவு கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். வடிகட்டியையும் ரப்பர் குழாயையும் புதிதாகப் போடுங்கள்.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பெட்ரோல் வேலை எதுவும் சமையலறையிலோ, சாமி விளக்கு எரியும் இடத்திலோ, சிகரெட் பிடிப்பவர் பக்கத்திலோ நடக்கவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்துபோய்த் தூரத்து நெருப்பையும் எட்டிப் பிடிக்கும். வடித்த பெட்ரோலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் வைத்ததால் நேர்ந்த விபரீதங்களை அறியாத தோட்டம் உண்டா? குழந்தைக்கு நிறம்தான் தெரியும், விஷம் தெரியாது.

கார்ப்பரேட்டரைத் திறந்தால் அடியிலுள்ள கிண்ணத்தில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் ஒட்டியிருக்கும். அதிலுள்ள ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டுகளின் துவாரம் ஊசிமுனையைவிடச் சிறியது. கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, பெட்ரோல் அதிகம் குடிக்கும் வண்டியாகிவிடும். கார்ப்பரேட்டர் கழுவும் மருந்தில் ஊற வைத்து, மெல்லிய தூண்டில் நைலான் நரம்பை விட்டு எடுத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தால் போதும். துவாரத்தைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். மிதவை, ஊசி, ரப்பர் வளையம் ஆகியவற்றை மொத்தமாகச் சேர்த்து விற்கிறார்கள். ஒன்று வாங்கிப் போடுங்கள்.

பழைய சி70 போன்ற வண்டிகளில் மின்பொறியைத் தருவது பாயிண்ட் என்ற சின்னக் கருவி. பெரும்பாலும் மேக்னெட்டோ ஃபிளைவீலுக்கு உள்ளே இருக்கும். அதன் இரண்டு முகமும் கறுத்துப் போனால் பொறி வராது. நயமான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைத்தாளை நடுவில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஸ்பார்க் பிளக் புதிதாக இருக்கட்டும். அதன் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். வால்வு இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, 0.05 மில்லிமீட்டர், எழுதும் தாளின் கனத்தில் பாதி. இதை அளக்கத் தகடு இல்லாதவர்கள் கண் அளவில் செய்ய வேண்டாம். பட்டறைக்காரர் சில நிமிடத்தில் செய்து கொடுப்பார்.

யமஹா, சுசூக்கி போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டிக்குத் தனித் தொட்டியிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் பம்ப், பல ஆண்டு நின்றதில் காற்றுப் பிடித்திருக்கும். அது சரியாக எண்ணெய் தருகிறது என்று உறுதியாகும் வரை, பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஓட்டுங்கள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும்.

மூன்று கேள்விகள்

எக்ஸாஸ்ட் குழாயில் குளவியோ எலியோ குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். மூடிய கொட்டகையில் என்ஜினைக் கிளப்பாதீர்கள். புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சுக்காற்று இருக்கிறது. அது ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

புதிய பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்து, மிதியுங்கள். கிளம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். என்ஜின் ஓட மூன்றுதான் வேண்டும்: பொறி, பெட்ரோல், அழுத்தம். மூன்று கேள்வி கேளுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் நிரம்பிவிட்டது. பிளக்கைத் துடைத்துத் தொப்பியில் மாட்டி, துவாரத்திலிருந்து தள்ளி, என்ஜின் இரும்பில் ஒட்ட வைத்து மிதியுங்கள். நீலப்பொறி 'டிக்' என்று பாய வேண்டும். கீழே பெட்ரோல் சிந்தியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தைச் சோதிக்க, துவாரத்தைக் கட்டைவிரலால் மூடி மிதித்தால், காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லையென்றால் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கிறது. அது பட்டறை வேலை.

கிளம்பியதும் புகை வரும். சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிகிறது; பத்து நிமிடத்தில் அடங்க வேண்டும். அதன் பிறகும் நீலப்புகை ஓயாவிட்டால் என்ஜின் எண்ணெய் குடிக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம்.

விளக்குகளையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டுச் சட்டம். பழைய வண்டிகளில் பல 6 வோல்ட்; 12 வோல்ட் பல்பு போட்டால் மின்மினிப் பூச்சியாகத்தான் எரியும். செத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டே சில வண்டிகள் கிளம்பிவிடும். ஆனால் ஹார்னும், திரும்பும் விளக்கும் வேலை செய்யாது; பேட்டரியை நம்பியிருக்கும் பிரேக் விளக்கும் எரியாது. நீங்கள் நிற்பது பின்னால் வரும் லாரிக்குத் தெரியாவிட்டால், நல்ல பிரேக் இருந்தும் என்ன பயன்?

முதல் ஓட்டம்

ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ், தலைக்கவசம் மூன்றும் கைக்கு வந்த பிறகே ஓட்டம். தலைக்கவசம் 1973 முதல் சட்டம். அப்பாவின் பழைய தலைக்கவசத்தை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் புதியது வாங்குங்கள். உள்ளே இருக்கும் நுரையும் டயரைப்போலவே வயதாகிக் கெடும்.

காலை நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், பின்னால் யாரையும் ஏற்றாமல், ஒரு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். போகும்போது வேகத்தைச் சோதிக்காதீர்கள், நிறுத்தத்தைச் சோதியுங்கள். திரும்பி வந்ததும் சக்கரத்தின் நடுப்பாகத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். தினம் கொஞ்சம் தூரத்தைக் கூட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மறுபடி மாற்றுங்கள். பழைய அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். அதன் பிறகு காஜாங் சாலையைப் பற்றி யோசிக்கலாம்.

வாசலில் வரும் வியாபாரி

பழைய கப் வண்டிகளுக்கு இப்போது சேகரிப்பவர்களிடையே நல்ல மதிப்பு இருக்கிறது. அதனால் வீடு தேடி வந்து, "இந்தத் துருவுக்கு இவ்வளவு தருவதே பெரிது" என்று எடை போட்டு வாங்கிப்போகிறவர்களும் உண்டு. நாலு இடம் விசாரிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். விற்பதென்று முடிவானால் பெயர் மாற்றத்தை முறையாகச் செய்துகொடுங்கள். கிராண்டை வெறுமனே கையில் கொடுத்துவிட்டால், நாளை அந்த வண்டி செய்யும் குற்றத்துக்குச் சம்மன் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

சட்டம் அரித்துப்போயிருந்தாலோ, காகிதம் சரியாகாது என்றாலோ, சாலைக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அப்பாவின் நினைவாகத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு குறைவும் இல்லை. வேலைக்குப் போக வேண்டிய பையன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அந்த அப்பாவும் விரும்பியிருக்கக்கூடியது.

சட்டம் உறுதியாக இருந்து, காகிதமும் சரியாகும் என்றால், தயங்காமல் இறங்குங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் பிரேக், டயர், கேபிள், விளக்கு என்ற வரிசையில் வாங்குங்கள். பெயிண்டும் பளபளப்பும் கடைசியில் வரட்டும். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டிரைவரோ, தோட்டத்து ஸ்டோரில் என்ஜின் வேலை பார்த்த பெரியவரோ இருந்தால் ஒரு கோப்பித் தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் காது அவர்களுக்கு உண்டு. தோட்டங்கள் மறைந்தன, அந்தக் கைத்தொழில் அறிவும் அவர்களோடு மறைந்துவிடாமல், ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் சாக்காக வைத்தாவது பிள்ளைகள் கைக்கு வந்து சேரட்டும்.

அடுத்த இதழில், பழைய தையல் இயந்திரத்தைப் பழுது பார்ப்பது பற்றிப் பேசுவோம். அதுவரை, படுதாவைத் தூக்கிப் பாருங்கள். கிக்கரை மட்டும் உதைக்காதீர்கள்!